வெள்ளைக்குக் கீழே

சாயங்கால வெளிச்சத்தில் சிவப்பைப் பார்க்காதே என்பது கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குள் வழங்கும் பேச்சு. பகலெல்லாம் கண்ணைப் பறித்துக்கொண்டு நிற்கிற சிவப்பு, வெயில் இறங்கியதும் முதல் ஆளாகப் படுத்துவிடும். நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வெள்ளை, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி இருட்டிய பிறகும் நின்றுகொண்டிருக்கும். சிவப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் கறுத்துப்போகும். அந்த நேரத்தில் சிவப்புக்குச் சிவப்பு பொருத்திப் பார்த்து அடித்தவன் மறுநாள் காலையில் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான்.

பெரியவனுக்கு இது பெயிண்ட் கன்னைக் கையில் பிடித்த காலத்திலிருந்தே தெரியும். தெரிந்ததைச் சொல்ல முடியாமல்தான் அந்த மழைக்காலம் முழுவதும் திண்டாடிக்கொண்டிருந்தான்.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் அவனுடைய தகரக் கொட்டகை. பெயிண்டைக் கரைக்கிற தின்னரின் வாடை வீட்டுக்குள் சமையல் வாடையோடு கலந்து கலந்து, இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்த வீட்டாருக்குப் பசிக்காது. கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது தம்பியின் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, குட்டை முதுகு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சின்னவன் அதை ஒரு காயலான் கிடங்கிலிருந்து இழுத்துவந்தபோது அதற்குச் சக்கரமும் இல்லை, காலடியில் தரையும் இல்லை. "இதுக்குள்ள கோழி அடைக்கலாம், வேற எதுக்கு ஆகும்?" என்று அம்மா கேட்டாள்.

சின்னவன் மெக்கானிக். பகலில் ஊரார் கார்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தன் காரைப் பார்ப்பான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் குந்தி, மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டுகளைக் கழுவித் தட்டில் அடுக்குவாள். வீட்டில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்பார்கள். வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கார் ஒருநாள் தானாக நகர்ந்தது. பெயிண்ட் அடிக்கும் கட்டம் வந்ததும் பெரியவன் கன்னை எடுத்துக்கொண்டு வந்தான். சின்னவன் அதைப் பிடுங்கிக்கொண்டான். "உனக்கு ஆயிரம் வேலை இருக்குண்ணா. இது என் கையாலயே ஆகட்டும்" என்றான். அடித்தான். சிவப்பு. மெக்கானிக் அடித்த பெயிண்ட் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பக்கத்து இருக்கைக் கதவின் அடியில் ஒரு சொட்டு வழிந்து, மூக்கில் நின்ற சளி மாதிரி அப்படியே உறைந்துவிட்டது. பெரியவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அந்த வாரமே சின்னவனும் சின்னவளும் அதில் ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினார்கள். முன்விளக்குக்கு ஒயர் கொடுக்கவில்லை, இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்றுதான் போனார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் கிளைச்சாலையிலிருந்து ஏறிய லாரி, ஓட்டுகிறவன் பக்கத்தில் இடித்தது. அந்தப் பக்கம் முழுக்கத் தகரக் கசங்கல். சின்னவளுக்குக் கால் நொறுங்கியது, அவள் உயிர் தங்கியது. பக்கத்துக் கதவிலும் காரின் முதுகிலும் ஒரு கீறல்கூட இல்லை. லாரிக்காரர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாராம்: கண்ணுக்கு எதுவுமே தெரியலையே, எதுவுமே தெரியலையே.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட வந்து கேட்டான், என்ன கலரு அடிக்கட்டும்னு. நான் வெள்ளைன்னு சொன்னேன். அவ சிவப்புன்னா. அவ பேச்சத்தான் கேட்டான். வெள்ளையா இருந்திருந்தா லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

உள்ளறையில் காலுக்குக் கட்டுப்போட்டுப் படுத்திருந்த சின்னவளுக்கு ஒவ்வொரு தடவையும் இது கேட்டது. அவள் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. விளக்கில்லாமல் கிளம்பியது யார் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். செத்தவன்மேல் குற்றம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி அது கலர்மேல் விழுந்து, கலரைச் சொன்னவள்மேல் வழிந்தது.

அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் பேச்சு இல்லை. ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப்பானை. இருவருக்கும் நடுவில் பெரியவனின் மனைவி, பெரியவள், தபால்காரி வேலை பார்த்தாள். "அத்தைக்கு வெந்நீர் வேணுமாம்" என்று இந்தப் பக்கம் சொல்வாள், "வெந்நீர் ஆயிடுச்சாம்" என்று அந்தப் பக்கம் சொல்வாள். மூவரும் நிற்பது நாலடி அகலச் சமையலறைக்குள். "எனக்கு ஒரு பையும் சைக்கிளும் வாங்கிக் குடுத்துடுங்க" என்று புருஷனிடம் அலுத்துக்கொள்வாள். சிரிக்க வைக்கத்தான் சொல்வாள்.

சின்னவளுக்கு நடை வந்தது. ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். நடை வந்ததும் அவள் முதலில் போனது கொட்டகைக்கு. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து பெரியவனிடம் சொன்னாள்:

"அது இப்படி நசுங்கினபடியே கிடக்க, நான் அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்க முடியாது மாமா. ஒண்ணு அதை முடிச்சு நிறுத்துங்க. இல்ல, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

பெரியவள் இதை அம்மாவிடம் கொண்டுபோனாள். "போகட்டுமே" என்றாள் அம்மா. அன்று ராத்திரி அவள் தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

பெரியவனுக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் பயம் வந்தது. தம்பி போய்விட்டான். தம்பி இருந்ததற்கு அடையாளமாக அந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் காரும் அந்தப் பெண்ணும்தான். பெண்ணும் போய்விட்டால் அம்மா யாரைத் திட்டிக்கொண்டு உயிரோடிருப்பாள்?

மறுநாள், நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கரைக் கூட்டிவந்தான்; அவருக்குச் சுத்தியல் என்றே ஊரில் பெயர். தட்டித் தட்டிக் காது மந்தமாகிப்போன மனிதர். நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில்தான் சொல்வார். மழை தகரக் கூரையில் மேலே தட்ட, சுத்தியல் கீழே தட்ட, ஓட்டுகிறவன் பக்கக் கதவும் இருக்கையைச் சுற்றிய ஓரமும் மட்கார்டும் புதுத் தகரத்தில் உருவாயின. பக்கத்துக் கதவையும் முதுகையும் தொட வேண்டியிருக்கவில்லை. அங்கே சின்னவன் அடித்த சிவப்பு அப்படியே இருந்தது. பாதி வெறும் தகரமும் பாதி சிவப்புமாகக் கார் எழுந்து நின்றது.

அப்புறம்தான் வந்தது வில்லங்கம்.

"வெள்ளை அடி" என்றாள் அம்மா. "அந்தச் சிவப்பு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. தகரம் தெரியச் சுரண்டிட்டு அடி."

"சிவப்பு" என்றாள் சின்னவள். "அவரு அடிச்சது அதுதானே?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கலர் சொல்வது லேசு. ஊரில் எவன் வந்து எந்தக் கலர் கேட்டாலும் பெரியவன் டப்பாவைத் திறந்துவிடுவான். இங்கே வெள்ளை அடித்தால், ஆமாம், சிவப்புதான் அவனைக் கொன்றது என்று சின்னவள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சிவப்பு அடித்தால், பெற்றவள் உளறுகிறாள் என்று சொன்ன மாதிரி. அவன் நடுவில் ஓட வழி தேடினான். உள்ளங்கை அகலத் தகடுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் அடித்து, கொட்டகைக்குள் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டான். பச்சை, கடல் நீலம், சாம்பல், மஞ்சள், சந்தன நிறம். ஒப்புக்கு இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும்.

சமையலறை ஜன்னலிலிருந்து பச்சையைப் பார்த்து அம்மா, பெரியவளின் தபால் வழியாக, தவளையா என்று கேட்டாள். சாம்பலைப் பார்த்துச் சின்னவள், இது ஏற்கனவே செத்த கலர் மாமா என்றாள். மஞ்சளை இருவருமே வேண்டாம் என்றார்கள். பல மாதங்களில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. "பேசாம ஆளுக்குப் பாதியா அடிச்சு நடுவுல ஒரு கோடு போட்டுடுங்க" என்றாள் பெரியவள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

சுத்தியலுக்குப் பொறுக்கவில்லை. "விளக்கு இல்லாமப் போனான்டா உன் தம்பி. அதை விட்டுட்டு எல்லாரும் கலரைப் பிடிச்சுத் தொங்கறீங்க" என்று சுத்தியலின் சத்தத்திலேயே சொன்னார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. பெரியவன் அவர் வாயைப் பொத்தாத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், சின்னவள் கொட்டகைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கு போட எழுந்தவனை வேண்டாம் என்றாள்.

"நீங்க பெயிண்டர் மாமா. உங்களுக்குத் தெரியும். வெள்ளையா இருந்திருந்தா லாரிக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

எத்தனையோ மாதமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், எழுந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்பியில் தொங்கிய தகடுகளைப் பார்த்தபடி இருந்தாள். அவனும் பார்த்தான். வாசல் வெளிச்சம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. வரிசையின் ஓரத்தில் ஒரு தகடு மங்கியது. பச்சை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. நீலம் நீலமாக இருந்தது. ஓரத்தில் இருந்தது பழுப்பாகி, பிறகு கறுப்பாகி, பிறகு கம்பியில் அங்கே எதுவும் தொங்காத மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை மட்டும் யாரோ அங்கே நின்று முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதுபோல நின்றது. தம்பி போன நேரம் இதே நேரம்.

சின்னவள் எழுந்து, காலைச் சாய்த்து நடந்துபோய், இருட்டில் கையை விட்டுத் துழாவி அந்தச் சிவப்புத் தகட்டைப் பிடித்தாள்.

"இங்கதான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். "கலர் சொன்னது நான்தான் மாமா. வெள்ளையே அடிங்க."

பெரியவன் அழுதான். அவள் அழவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "அவரு அடிச்சதைச் சுரண்டாதீங்க. மேல எது வேணா அடிங்க. அடியில அது இருக்கட்டும்."

சரி என்றுவிட்டான். சரி என்ற பிறகுதான் தொழில்காரன் மூளை விழித்துக்கொண்டது. பழைய சிவப்புக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. அதன்மேல் வெள்ளை அடித்தால், புதுப் பெயிண்டின் ஈரத்தில் கரைந்து மேலே எழும்பும். வெள்ளை ரோஸ் ஆகும். அதனால்தான் சிவப்புக் காரை வெள்ளையாக்கக் கேட்டு வருகிறவர்களிடம் பெரியவன், தகரம் தெரியச் சுரண்டினால்தான் கையை வைப்பேன் என்று கறாராகச் சொல்லுவான். சுரண்டாவிட்டால் நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு அடித்து, சிவப்பைக் காற்றுப்புகாமல் மூட வேண்டும். எங்காவது ஊசிமுனை திறந்திருந்தாலும் போச்சு.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறே" என்றார் சுத்தியல். அம்மாவிடம் எல்லாம் சுரண்டியாகிவிட்டது என்று பெரியவன் சொல்லியிருந்தான். அவள் சரிபார்க்க வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். கார் வந்து படுத்த நாளிலிருந்து அவள் பின்கதவைத் தாண்டியதில்லை. துணி காயப்போடக்கூட முன்வாசலுக்குப் போனாள்.

காற்றில் ஈரம் வற்றும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினான். தடுப்புப் பூச்சு ஒன்றுக்கு இரண்டாக அடித்தான். காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் சமமாக்கினான். பக்கத்துக் கதவில், அந்த வழிந்த சொட்டு வந்தது. யாருடைய காராக இருந்தாலும் நாலு தேய்ப்பில் அதைக் காணாமல் அடித்திருப்பான். இங்கே கை அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. சுற்றிப் போன கை ஓரத்தில் கொஞ்சம் அழுந்திவிட்டது. பூச்சு உரிந்து, கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு வெளியே பார்த்தது.

அந்த இடத்தை மறுபடி மூடியிருக்க வேண்டும். அதற்குள் பெரியவள் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தான், வெயில் நல்லபடி இருக்கிறதே என்று வெள்ளையைக் கலந்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். மறந்துவிட்டானா என்று கேட்டால், மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வான். அப்படிச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்த்தால் அவனுக்கே அது நிச்சயமில்லை என்று தெரிந்துவிடும்.

கார் வெள்ளையாக நின்றது. பெரியவள் தபாலைக் கொண்டுபோனாள். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். சின்னவள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு சண்டை முடிந்த அமைதி இல்லை. யாரோ தோற்ற அமைதி இருந்தது. பெரியவன் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

வெயில் காய ஆரம்பித்தது. ஒருநாள் காலை பெரியவன் கொட்டகைக் கதவைத் திறந்தபோது பக்கத்துக் கதவின் அடியில், அந்தச் சொட்டைச் சுற்றி, சூடு பட்ட குழந்தைக் கன்னம் மாதிரி ஒரு சிவந்த திட்டு. துடைத்துப் பார்த்தான். போகுமா? மறுநாள் அது கதவு முழுக்கப் பரவியது. பிறகு முதுகிலும் வந்தது. தடுப்புப் பூச்சு எங்கெங்கே மெலிந்திருந்ததோ அங்கெல்லாம் வழி கண்டுபிடித்து வந்தது. புதுத் தகரத்தில் மட்டும் வெள்ளை அசையவில்லை. எது நசுங்கியது, எது தப்பித்தது என்று கோடு போட்ட மாதிரி கார் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஓட்டுகிறவன் பக்கம் வெள்ளை, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ரோஸ்.

பெயிண்ட் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். கரைகிறது, எழும்புகிறது, அவ்வளவுதான். இருந்தும் அதற்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்ய அவனால் முடியவில்லை. தார்ப்பாயை எடுத்து மூடினான். மூடிய கையோடு சமையலறை ஜன்னலைப் பார்த்தான். அம்மா அங்கே நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் பின்கதவு திறந்தது. அம்மா வந்தாள். அவள் கொட்டகைக்குள் கால் வைத்ததும் பெரியவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"அந்தத் தார்ப்பாயை எடு" என்றாள்.

எடுத்தான். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் சுரண்டலம்மா" என்றான். "அவன் அடிச்சது அடியில இருக்கு. சிவப்பு அப்படித்தான் எழும்பும். இது பெயிண்டோட குணம், வேற ஒண்ணும் இல்ல."

அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. பக்கத்துக் கதவு வரை வந்து, குனிந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது. அடியில் வந்து நின்றது. விரல் அந்தச் சொட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

"இதுதானே, நீ சொல்லிச் சிரிப்பியே?"

"ஆமாம்மா."

விரலை அங்கிருந்து எடுக்காமலே அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு அவனிடம் இல்லை, கதவிடம் இருந்தது.

"நான் வெள்ளைன்னு சொல்லலடா. நீ வந்து கேட்டே. எல்லாத்தையும் அவளைத்தானே கேப்பே, இதுக்கு மட்டும் நான் எதுக்குன்னு எனக்கு ஒரு வீம்பு. போ, அவளையே போய்க் கேளுன்னு சொன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கல. அதுக்காக இப்படி வந்து நிக்கிறியா?"

பெரியவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். பின்கதவில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. அம்மாவும் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சின்னவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, மடங்காத காலை நீட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளோடு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "அம்மா உன்னையே கேக்கச் சொல்லிட்டாங்கன்னு அவரு வந்து சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருந்தே?"

சின்னவள் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க வெள்ளைன்னு சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு நானும் நினைச்சேன் அத்தை. நீங்க சொல்லச் சொல்ல, நிஜமாவே சொல்லியிருந்தீங்கன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது. அதைப் போய் எப்படி இல்லைம்பேன்?"

அம்மா அவள் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் தடவிக்கொடுக்கவெல்லாம் இல்லை, கிணற்றில் விழப்போகிறவள் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். சமையலறை வாசலில் பெரியவள் கரண்டியோடு வந்து நின்று, தன் வேலை போய்விட்டது என்று தெரிந்துகொண்டு, சத்தமில்லாமல் அடுப்பை அணைக்கப் போனாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு பெரியவன் மெல்லக் கேட்டான், சுரண்டிவிட்டு மறுபடி ஒரே கலராக அடித்துவிடட்டுமா என்று. எந்தக் கலர் என்று அவன் சொல்லவில்லை. இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

வாசல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு போடலாமா என்று அவன் சுவரைத் தடவினான். அதற்குள் கண் காரின்மேல் போய்விட்டது. கை நின்றுவிட்டது. சின்னவள் உட்கார்ந்திருந்த பக்கமும் காரின் முதுகும் மங்கின, பழுப்பாயின, கொட்டகை இருட்டோடு சேர்ந்துகொண்டன. புதுத் தகரம் நின்றது. ஓட்டுகிறவன் பக்கக் கதவும், அதன் முன்னால் மட்கார்டும், அந்த இருக்கையைச் சுற்றி வளைந்த ஓரமும், ஒருவன் உட்கார்ந்தால் எவ்வளவோ அவ்வளவு இடம், வெள்ளையாக நின்றது.

பெரியவனுக்கு அதை அவர்களிடம் காட்டவும் மனமில்லை, மறைக்கவும் முடியவில்லை. சின்னவள் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத் தெரியறான்" என்றாள்.